கோடையில் படிக்கப் புதிய புத்தகங்கள்: புதிதாக வாசிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோடை விடுமுறை நெருங்கினாலே 'கட்டாயம் படிக்க வேண்டிய 50 புத்தகங்கள்' என்று பட்டியல்கள் வரிசையாக வந்து விழ ஆரம்பிக்கும். படித்துப் பழகியவர்களுக்கு இதில் தொல்லை இல்லை. பாதிப் பெயர்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும், மீதியில் தனக்கு எது ஒத்துவரும் என்பதை இரண்டு வரி விவரத்தை வைத்தே கணித்துவிடுவார்கள். புதிதாக வாசிக்க வருபவர் பாடுதான் திண்டாட்டம். எதைத் தொடுவது என்று தெரியாமல், எல்லோரும் பேசுகிற ஒன்றை எடுப்பார், அது 600 பக்கம் இருக்கும், நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டு 'நமக்கெல்லாம் வாசிப்பு சரிப்படாது' என்று தீர்மானித்துவிடுவார். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். சரிப்படாமல் போனது அந்த ஒரு புத்தகம்தான், அதுவும் அந்த நேரத்துக்கு.

'நல்ல புத்தகம்' என்று மட்டும் சொன்னால் அது பாதிப் பரிந்துரை. யாருக்கு, எவ்வளவு நேரம் இருப்பவருக்கு, எந்த மனநிலையில் இருப்பவருக்கு என்பதும் சேர்ந்தால்தான் அது முழுசாகிறது. அந்த மறுபாதியை உங்களைத் தவிர வேறு யாராலும் நிரப்ப முடியாது. அதனால் பெயர்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உங்களிடமிருந்தே ஆரம்பிப்போம். பெயர்கள் வேண்டுமென்றால் கீழே இருக்கின்றன, ஆனால் நேரே அங்கே தாவிவிட வேண்டாம்.

முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

கையில் இருக்கும் ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து, கைப்பேசியில் 20 நிமிடம் டைமர் வைத்து, உங்கள் இயல்பான வேகத்தில் படியுங்கள். யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை, அவசரப்பட வேண்டாம். மணி அடித்ததும் எத்தனை பக்கம் என்று எண்ணுங்கள். 10 பக்கம் ஆகியிருந்தால் மணிக்கு 30 பக்கம். இப்போது ஒரு நாளில் உண்மையாகவே எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று யோசியுங்கள். விடுமுறை என்றாலும் நாள் முழுக்க யாரும் படித்துக்கொண்டே இருக்கப் போவதில்லை. 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 20 பக்கம். ஆக, 140 பக்கப் புத்தகம் ஒரு வாரத்தில் முடியும், 400 பக்கப் புத்தகத்துக்கு இருபது நாள் ஆகும்.

இந்தச் சின்னக் கணக்கைப் பலரும் போடுவதே இல்லை. போட்டுவிட்டால், தடித்த புத்தகத்தின் நடுவில் 'இன்னும் முடியவில்லையே' என்று வருகிற சோர்வு பாதியாகக் குறைந்துவிடும், ஏனென்றால் அது இருபது நாள் வேலை என்பது முன்பே தெரிந்த சங்கதி.

நேரம் எவ்வளவு என்பதோடு, எப்படிப்பட்ட நேரம் என்பதும் முக்கியம். பயணத்தில், குழந்தைகளுக்கு நடுவில், கால் மணி நேரம் கால் மணி நேரமாகத் துண்டு துண்டாகக் கிடைக்கிறதா? அப்படியென்றால் சிறுகதைத் தொகுப்பு எடுங்கள். ஒரே மூச்சில் ஒரு கதை முடியும், இரண்டு நாள் விட்டுப்போனாலும் எதையும் மறந்திருக்க மாட்டீர்கள். யாரும் தொந்தரவு செய்யாத ஒன்றரை மணி நேரம் தினமும் கிடைக்குமென்றால் தாராளமாக நாவலுக்குப் போகலாம். வெயில் உச்சியில் இருக்கும் மதிய வேளையில் கண் சொக்கும், அந்த நேரத்துக்குக் கடினமான புத்தகத்தை வைத்துக்கொண்டு அது புரியவில்லை என்று சொல்வது புத்தகத்துக்குச் செய்கிற அநியாயம். கனமானதைக் காலையில் படியுங்கள்.

உங்களைக் கடைசியாகக் கட்டிப்போட்ட கதை எது?

புத்தகமாக இருக்க வேண்டும் என்றில்லை. படம், தொடர், யாரோ நேரில் சொன்ன ஒரு சம்பவம், எதுவானாலும் சரி. அதில் உங்களைப் பிடித்து வைத்தது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்ற பரபரப்பா? ஒரு ஆளின் மேல் வந்த பாசமா? அதுவரை தெரியாத ஒரு உலகத்துக்குள் நுழைந்த ஆச்சரியமா? பேச்சின் அழகா? ஒரு விஷயத்தைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொண்ட நிறைவா?

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் வகையைத்தான் பார்க்கிறார்கள். துப்பறியும் தொடர் பிடித்திருந்தால் துப்பறியும் நாவல் என்று நேராகப் போய் நிற்பார்கள். ஆனால் அந்தத் தொடரில் அப்படிப் போகிறவரைக் கட்டிப்போட்டது கொலையாக இல்லாமல், விசாரணை அறையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அளந்துகொண்டே பேசுகிற பேச்சாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு அண்ணன் தம்பி இருவர் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிற குடும்ப நாவல் துப்பறியும் கதையைவிடப் பிடித்துப்போகும். அந்த வகைப் பெயரைப் பார்த்து அவர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார். ஆகவே வகையை விட்டுவிட்டு, பிடித்து வைத்தது எது என்பதை ஒரே வரியில் எழுதி வையுங்கள். இனி வரும் எல்லாவற்றிலும் அந்த வரிதான் உங்கள் அளவுகோல்.

புதுப் புத்தகங்களை எங்கே தேடுவது

'புதியது' என்பதை இந்த மாதம் வந்தது என்று குறுக்கிக்கொள்ள வேண்டாம். கடந்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் வந்த எல்லாமே புதியதுதான். போன ஆண்டுப் புத்தகத்துக்கு ஒரு நன்மை கூடுதல். விளம்பரச் சத்தம் அடங்கியிருக்கும், படித்தவர்கள் நிதானமாகப் பேச ஆரம்பித்திருப்பார்கள், ஆங்கிலப் புத்தகமாக இருந்தால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மலிவான பேப்பர்பேக் பதிப்பும் வந்துவிட்டிருக்கும், நூலகத்திலும் காத்திருப்புப் பட்டியல் குறைந்திருக்கும்.

பரிசுப் பட்டியல்கள் நல்ல தொடக்கம். ஆனால் பரிசு வென்ற புத்தகத்தை மட்டும் பார்க்காதீர்கள், நெடும்பட்டியலைப் பாருங்கள். சர்வதேச புக்கர் பரிசையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட புனைவுகளுக்கான பரிசு அது. வழக்கமாக 13 புத்தகங்கள் நெடும்பட்டியலில் வரும், அதிலிருந்து 6 குறும்பட்டியலுக்குப் போகும், மே மாதத்தில் ஒன்று வெல்லும். வெல்வது நடுவர்கள் கூடிப் பேசி எல்லோருமாக ஒப்புக்கொண்ட ஒன்று. அதற்கு முந்தைய பதின்மூன்றில்தான் வகைவகையாக இருக்கும், யாரோ ஒரு நடுவர் மட்டும் விடாப்பிடியாக நின்று உள்ளே கொண்டுவந்த விசித்திரமான சின்னப் புத்தகம்கூட இருக்கும். உங்கள் ஒற்றை வரி அளவுகோலுக்கு வென்ற ஒன்று பொருந்தும் வாய்ப்பைவிட, பதின்மூன்றில் ஒன்று பொருந்தும் வாய்ப்பு மிக அதிகம். அப்புறம், அந்தப் பரிசின் இணையதளத்திலேயே பல புத்தகங்களின் சில பக்கங்களை இலவசமாகப் படிக்கலாம்.

இந்தப் பரிசின் தொகையான 50,000 பவுண்டு எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் சரிபாதியாகப் போகிறது. இதிலிருந்து வாசகருக்கு ஒரு வழி கிடைக்கிறது. ஒரு மொழிபெயர்ப்பு உங்களுக்குத் தடையில்லாமல் ஓடியது என்றால் எழுத்தாளர் பெயரோடு மொழிபெயர்ப்பாளர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் செய்த மற்றப் புத்தகங்களைத் தேடினால், நீங்களாகத் தேடிப் போயிருக்கவே முடியாத எழுத்தாளர்கள் கிடைப்பார்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் பலர் தமக்குப் பிடித்ததைத்தான் எடுத்துச் செய்கிறார்கள் என்பதால் அவர்கள் ரசனை நம்பத்தகுந்த ஒன்று.

அடுத்து, மனிதர்கள். நண்பரிடமோ நூலகரிடமோ 'நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்க' என்று கேட்டால் அவர்கள் மரியாதைக்குரிய ஒரு பெயரைத்தான் சொல்வார்கள். 'இந்த வருஷம் கீழே வைக்க முடியாம முடிச்சது எது?' என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி மாறியதும் பதில் அப்படியே மாறிவிடும், சொல்லும்போதே முகம் மலரும், அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நூலகரிடம் உங்கள் ஒற்றை வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'கதை மெதுவா போனாலும் பரவாயில்லை, மனுஷங்க உண்மையா இருக்கணும்' என்று சொன்னால் போதும், அவருக்குப் புரிந்துவிடும்.

இணைய மதிப்புரைகளைப் பார்ப்பதாக இருந்தால் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தாண்டி நேரே மூன்று நட்சத்திரத்துக்குப் போங்கள். ஐந்து கொடுத்தவர் காதலில் இருக்கிறார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் இருக்கிறார். மூன்று கொடுத்தவர்தான் பிடித்தது இது, பிடிக்காதது இது என்று பிரித்துச் சொல்வார். அவருடைய குறை உங்களுக்கு நிறையாக இருக்கவும் வாய்ப்புண்டு. 'ஒன்றுமே நடக்கவில்லை, வெறும் பேச்சுதான்' என்று அவர் சலித்துக்கொண்டால், பேச்சுக்காகவே படிக்கிறவருக்கு அது நல்ல சேதி.

எடுப்பதற்கு முன் பத்து நிமிடம்

புத்தகம் கைக்கு வந்ததும் பின்னட்டையை மூடிக்கொண்டு உள்ளே போங்கள். பின்னட்டையில் இருப்பது விற்பதற்காக எழுதியது. பல சமயம் கதையின் பாதியையும் அதுவே சொல்லி முடித்திருக்கும்.

முதலில் பதிப்பு விவரங்கள் உள்ள பக்கத்தைப் பாருங்கள், தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும். முதல் பதிப்பு எந்த ஆண்டு, இப்போது கையில் இருப்பது எத்தனையாவது அச்சு என்பது அங்கேதான் தெரியும். புது அட்டையோடு புது வரவு அலமாரியில் நிற்கிற புத்தகம் முப்பது ஆண்டுப் பழையதாக இருக்கலாம். அதில் தவறு ஒன்றுமில்லை, ஆனால் புதியது வேண்டும் என்று வந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சில ஆங்கிலப் புத்தகங்களில் '10 9 8 7 6 5 4 3' என்பது மாதிரி ஒரு எண் வரிசை மட்டும் இருக்கும். அதிலுள்ள மிகச் சிறிய எண்தான் அச்சின் எண்ணிக்கை, இங்கே மூன்றாவது அச்சு. மொழிபெயர்ப்பு என்றால் எந்த மொழியிலிருந்து, மூலத்திலிருந்து நேரடியாகவா, இன்னொரு மொழி வழியாகவா என்பதும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் இருக்கும்.

அப்புறம் முதல் இரண்டு பக்கம் படியுங்கள். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளர்களும் செதுக்கித்தான் வைத்திருப்பார்கள், அதனால் அங்கேயே முடிவெடுக்காமல் நடுவில் எங்காவது பிரித்து இன்னும் இரண்டு பக்கம் படியுங்கள். கதை புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. ஒரு வாக்கியத்தை எத்தனை முறை திரும்பப் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது? பேசுவது யார் என்று தெரிகிறதா? ஒரு பத்தியை உதடு அசைத்துப் படித்தால் ஓடுகிறதா, கல் தட்டுகிறதா? மொழிபெயர்ப்பின் தரம் இந்த நடுப்பக்கத்தில் வெளிப்பட்டுவிடும், ஏனென்றால் அங்கே யாரும் அலங்காரம் செய்து வைத்திருப்பதில்லை. இந்த இரண்டு பக்கம் முடிந்ததும் மூன்றாவது பக்கத்துக்குக் கண் தானாகப் போனால் எடுத்துக்கொள்ளுங்கள். போகவில்லை என்றால் எவ்வளவு புகழ்பெற்ற பெயராக இருந்தாலும் இந்தக் கோடைக்கு வேண்டாம்.

எழுத்தின் அளவையும் பாருங்கள். இதைச் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. பொடி எழுத்தில் நெருக்கி அடித்த 200 பக்கம், விசாலமாக அச்சடித்த 300 பக்கத்தைவிடக் களைப்பு தரும். கண் வலிக்கிறது என்றால் மின்னூலாக எடுத்து எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், மின்னூல்களில் தொடக்கப் பகுதி மாதிரியாக இலவசமாகவும் கிடைக்கும்.

சரி, பெயர்கள்

கீழே இருப்பவை எல்லாமே அளவில் சிறியவை, அல்லது துண்டு துண்டாகப் படிக்க ஏற்றவை, கடைசியில் வரும் ஒன்றைத் தவிர. எது யாருக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் புத்தகம் என்று ஒன்றைக் கேட்டால் கிளேர் கீகன் எழுதிய 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' என்றுதான் சொல்வேன். 2021-இல் வந்தது, 2022 புக்கர் குறும்பட்டியலில் இடம்பெற்றது (இது ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட புனைவுகளுக்கான பரிசு, மேலே சொன்ன சர்வதேச புக்கர் வேறு), நூற்றுச் சொச்சம் பக்கம்தான். 1985, அயர்லாந்தில் ஒரு சிறுநகர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள். நிலக்கரி வியாபாரம் செய்யும் ஒரு குடும்பஸ்தர் கன்னியர் மடத்துக்குச் சரக்கு இறக்கப் போன இடத்தில் காணக்கூடாத ஒன்றைக் காண்கிறார். ஊர் முழுக்கத் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிற விஷயம் அது. அவர் என்ன செய்யப் போகிறார் என்பதுதான் மொத்தக் கதையும். எளிய வாக்கியங்கள், பாத்திரங்கள் குறைவு, ஆனால் முடித்தபின் உடனே அடுத்த புத்தகத்தை எடுக்க முடியாது. மனிதர்களுக்காகப் படிக்கிறவர்கள் யோசிக்காமல் எடுக்கலாம்.

மொழியின் அழகுக்காகவும் புது உலகத்துக்காகவும் படிப்பவர்களுக்கு சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்'. 2024-இன் புக்கர் பரிசு பெற்றது, 136 பக்கம். விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், கதை நடப்பது ஒரே ஒரு நாளில், அந்த ஒரு நாளில் அவர்கள் பூமியை 16 முறை சுற்றி வருகிறார்கள். கீழே கடலில் ஒரு சூறாவளி திரண்டுகொண்டிருக்கிறது, மேலே இவர்கள் தூங்கி எழுந்து, உடற்பயிற்சி செய்து, வீட்டை நினைத்துக்கொண்டு மிதக்கிறார்கள். பரபரப்பை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும், கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு சுற்று ஒரு அமர்வு என்று மெதுவாகப் படித்தால் இதற்கு இணையான கோடை வாசிப்பு குறைவு.

துண்டு நேரக்காரர்களுக்கு பானு முஷ்தாக்கின் 'ஹார்ட் லாம்ப்'. கன்னடத்தில் எழுதப்பட்ட 12 கதைகளை தீபா பஸ்தி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார், 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு வென்றது. அந்தப் பரிசை ஒரு சிறுகதைத் தொகுப்பு வென்றது அதுவே முதல் முறை, கன்னடத்துக்கும் அதுவே முதல் முறை. தென்னிந்திய முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள்தான் கதைகளின் நடுவில் இருக்கிறார்கள். பானு முஷ்தாக் வழக்கறிஞராகவும் இருந்தவர், வீட்டுக்குள் நடக்கும் வழக்குகளை அவர் எழுதும் விதத்தில் அது தெரிகிறது. கோபமும் இருக்கும், பக்கத்து வீட்டுப் பேச்சு போன்ற கிண்டலும் இருக்கும். எல்லாக் கதைகளையும் வரிசையாக ஒரே வீச்சில் படிக்க வேண்டாம். ஒரு கதை முடிந்ததும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், அப்போதுதான் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும்.

தமிழிலேயே வேண்டும் என்பவர்களுக்கு அம்பையின் 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை', 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற சிறுகதைத் தொகுப்பு. நாவல் என்றால் பெருமாள்முருகனின் 'பூக்குழி'. இது 2013-இல் வந்தது, ஆனால் இதன் ஆங்கில வடிவம் 2023-இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனபிறகு உலகத்துக்கு இது புதுப் புத்தகம். அந்தப் பட்டியலுக்குப் போன முதல் தமிழ் நாவல் இதுதான். காதலித்து மணந்த பெண்ணை வேறு சாதி என்பதை மறைத்துத் தன் ஊருக்கு அழைத்துவருகிறான் ஒருவன், அங்கிருந்து ஒவ்வொரு பக்கமும் பதற்றம் ஏறிக்கொண்டே போகும். அடுத்து என்ன என்ற கேள்விக்காகப் படிப்பவரை இது விடாது. மூலத்தைப் படிக்கிற வசதி நமக்கு இருக்கும்போது அதைத் தவறவிடக் கூடாது.

புதிர் பிடிக்குமா? டென்மார்க் எழுத்தாளர் சோல்வாய் பாலேயின் 'ஆன் தி கால்குலேஷன் ஆஃப் வால்யூம்' முதல் பாகத்தைப் பாருங்கள், 2025 சர்வதேச புக்கர் குறும்பட்டியலில் இருந்தது. பழைய புத்தகங்கள் விற்கும் ஒரு பெண்ணுக்கு நவம்பர் 18 முடிவதே இல்லை. ஒவ்வொரு காலையும் அதே நவம்பர் 18-ஆக விடிகிறது, அவளைத் தவிர யாருக்கும் அது தெரியவில்லை. ஏழு பாகங்களாகத் திட்டமிட்ட தொடர், பயப்பட வேண்டாம், முதல் பாகம் மெல்லியதுதான், அதோடு நிறுத்திக்கொண்டாலும் நிறைவாகவே இருக்கும்.

உண்மைக் கதை, தகவல், அறிவியல் என்று தேடுகிறவர்களுக்கு ரேச்சல் கிளார்க் எழுதிய 'தி ஸ்டோரி ஆஃப் எ ஹார்ட்'. 2025-இல் புனைவல்லாத நூல்களுக்கான விமன்ஸ் பரிசு வென்றது, பெண் எழுத்தாளர்களுக்கு மட்டுமான பரிசு அது. அந்தப் பிரிவே 2024-இல்தான் தொடங்கியது. விபத்தில் இறந்துபோன ஒன்பது வயதுச் சிறுமியின் இதயம் இன்னொரு குழந்தைக்குப் போய்ச் சேர்ந்த கதை. எழுதியவர் மருத்துவர். இதய மாற்றுச் சிகிச்சை எப்படி வளர்ந்தது என்ற வரலாறும் இடையிடையே வருகிறது. மனம் திடமாக இருக்கும் வாரத்தில் படியுங்கள், குழந்தை உள்ள வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் தயாராகவே உட்காருங்கள்.

முதல் இரண்டை முடித்துவிட்டு, இன்னும் கோடை மிச்சமிருந்தால் மட்டும் கீதாஞ்சலி ஸ்ரீயின் 'டூம் ஆஃப் சாண்ட்'. இந்தியிலிருந்து டெய்ஸி ராக்வெல் மொழிபெயர்த்தது, 2022-இல் சர்வதேச புக்கர் பெற்றது, 700 பக்கத்துக்கு மேல். கணவர் இறந்தபின் கட்டிலில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துவிட்ட எண்பது வயதுப் பாட்டி எழுந்திருக்கிற கதை. கதைசொல்லல் திசைமாறித் திசைமாறிப் போகும், அதுதான் அதன் சுகம், ஆனால் முதல் புத்தகமாக இதை எடுக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எத்தனை, எந்த வரிசையில்

மூன்று போதும். மெல்லிய நாவல் ஒன்று, சிறுகதைத் தொகுப்பு ஒன்று, உண்மைச் சம்பவமோ தகவலோ சொல்லும் புத்தகம் ஒன்று. மெல்லியதில் தொடங்குங்கள். முதல் புத்தகத்தை முடித்தோம் என்கிற தெம்பு அடுத்ததை எடுக்க வைக்கும், அதற்கு மாற்று இல்லை. சிறுகதைத் தொகுப்பை மற்ற இரண்டோடும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், நாவல் படிக்க மனம் ஓடாத நாளில் ஒரு கதை. நூலகத்தில் எடுப்பதாக இருந்தால் எல்லோரும் கேட்கிற புதுப் புத்தகத்துக்கு இப்போதே பெயர் பதிந்துவிட்டு, அது வரும்வரை எளிதாகக் கிடைக்கிற மற்றதைப் படியுங்கள்.

படிக்க ஆரம்பித்தபின்

முதல் 50 பக்கத்தை இரண்டே அமர்வில் தாண்டிவிடுங்கள், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆரம்பத்தில் பெயர்கள் புதிது, ஊர் புதிது, யார் யாருக்கு என்ன உறவு என்பதும் பிடிபடாது. தினமும் ஐந்து பக்கம் என்று தொடங்கினால் ஒவ்வொரு நாளும் அந்நியர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரியே இருக்கும். ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்துவிட்டால் ஆட்கள் பழகிவிடுவார்கள், அதன்பிறகு பத்து நிமிடம் கிடைத்தாலும் உள்ளே போக முடியும். பெயர்கள் குழப்பினால் ஒரு துண்டுச் சீட்டில் 'இன்னார், இன்னாரின் தங்கை' என்று எழுதி அதையே அடையாளச் சீட்டாக உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நாவல்களுக்கு இது பெரிய உதவி.

தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதி பார்க்க வேண்டாம். அதே சொல் மூன்றாவது தடவை வந்தால் பாருங்கள். அகராதிக்கென்று கைப்பேசியை எடுத்தால் அது அகராதியோடு நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை அடுத்த அறையில் வைத்துவிடுவது நல்லது.

நிறுத்தும்போது அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்தாதீர்கள். நடுவில், ஏதோ நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். அத்தியாயம் முடிந்து மூடிய புத்தகத்தை மறுநாள் திறக்க ஒரு உந்துதல் தேவைப்படும், பேச்சு பாதியில் நிற்கும்போது மூடியது தானாகக் கூப்பிடும்.

எப்போது கைவிடலாம்? அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்ன ஒரு விதி இதற்கு நன்றாகப் பயன்படும். 50 பக்கம் வரை வாய்ப்புக் கொடுங்கள், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். உங்கள் வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் 100-இலிருந்து வயதைக் கழித்து வருகிற அத்தனை பக்கம் படித்தாலே போதும், அறுபது வயதுக்காரருக்கு 40 பக்கம். கைவிடும்போது ஏன் கைவிட்டீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். 'ஆட்கள் அதிகம்', 'மொழிபெயர்ப்பு உறுத்துகிறது', 'இப்போது இவ்வளவு துயரம் வேண்டாம்'. முடித்த புத்தகத்துக்கும் அப்படியே, எங்கே இழுத்தது, எங்கே தொய்ந்தது என்று இரண்டு வரி. நான்கைந்து புத்தகம் சேர்ந்ததும் இந்த வரிகளே எந்தப் பட்டியலையும்விடத் துல்லியமாக உங்கள் அடுத்த புத்தகத்தைச் சொல்லிவிடும்.

உட்கார நேரமே இல்லாதவர்கள் ஒலிநூலைத் தயங்காமல் எடுக்கலாம், கேட்பதும் வாசிப்புதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாத்திரங்கள் நிறைய உள்ளதையும் காலம் முன்னும் பின்னும் தாவுகிறதையும் ஒலியில் தொடங்க வேண்டாம், திருப்பிப் பார்ப்பது சிரமம். நினைவுக் குறிப்பு, தன்வரலாறு போன்றவை கேட்க மிக நன்றாக இருக்கும், ஆசிரியரே வாசித்திருந்தால் இன்னும் விசேஷம்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால்

அவர்கள் புத்தகத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் ஆகியோரின் குழு அமெரிக்காவில் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கோடையிலும் 12 புத்தகங்கள் என்று மூன்று கோடைக்குக் கொடுத்தார்கள். புத்தகக் கண்காட்சி மாதிரி வைத்து அவர்களையே எடுக்கவிட்டார்கள். புத்தகம் கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்களின் வாசிப்புத் தேர்வு மதிப்பெண் நன்றாக இருந்தது. பாடப்புத்தகம் மாதிரி எதுவும் இல்லாமல், பிரபலங்களின் கதை, தொலைக்காட்சிப் பாத்திரங்களின் கதை என்று பிள்ளைகள் விரும்பி எடுத்ததும் அதில் அடக்கம். நீங்கள் பார்க்க வேண்டியது கடினம் மட்டும்தான். ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள், தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அதை நீங்கள் படித்துக் காட்டலாம், இரண்டு மூன்று என்றால் அவர்களே படித்துவிடுவார்கள். படித்து முடித்ததும் 'இதிலிருந்து என்ன தெரிஞ்சுகிட்ட?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 'எந்த இடம் பிடிச்சிருந்தது?' என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

மூன்றையும் முடித்துவிட்டீர்கள் என்றால், அதில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றின் ஆசிரியர் எழுதிய இன்னொரு புத்தகத்தை எடுங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. அதுவும் தீர்ந்துவிட்டால், வழக்கமாக ஜூலைக் கடைசியில் புக்கர் நெடும்பட்டியல் வரும். அதில் 12 அல்லது 13 பெயர்கள் இருக்கும். உங்கள் ஒற்றை வரியையும் கைவிட்ட புத்தகங்களின் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை ஒருமுறை வாசியுங்கள், முதலில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு இரண்டை மட்டும் மிச்சம் வையுங்கள், அந்த இரண்டுக்கும் நூலகத்தில் அன்றே பெயர் பதிந்துவிடுங்கள்.